சாக்குக்காரன் மகன்

கோலாலம்பூர் விமான நிலையத்தில் என் பெட்டியைக் காரில் ஏற்றும்போதே செல்வம் சொல்லிவிட்டான். "நம்மளப் பத்தி யாராச்சும் கேட்டா தம்பின்னு சொல்லிடுங்க சித்தப்பா."

செல்வம் என் பெரியப்பாவின் பேரன். ஐம்பத்தாறு வயது. மகளுக்குக் கல்யாணம் வைத்து என்னை அழைத்திருந்தான். சித்தப்பா என்று கூப்பிடுகிறவனை நான் எப்படித் தம்பி என்று சொல்வது? இந்த நாட்டில் முறையெல்லாம் மாறிவிட்டது போலிருக்கிறது என்று தலையை ஆட்டி வைத்தேன். சிரம்பானை ஒட்டிய ராசாவில் அவன் வீட்டுக்கு வந்து கைகால் கழுவிய பிறகுதான் அவன் மனைவி லெட்சுமி விளக்கினாள். தம்பின் என்பது ஓர் ஊர். மலாக்கா எல்லையில் இருக்கிறது. நம் குடும்பம் தம்பின் பக்கத்துத் தோட்டத்திலிருந்து வந்தது என்று, யார் கேட்டாலும் சொல்ல வேண்டுமாம்.

நம் ஆட்கள் லாபு பக்கத்துத் தோட்டத்தில்தானே இருந்தார்கள் என்று கேட்டேன். லெட்சுமி அடுப்பில் வைத்த தண்ணீர் கொதிக்கிறதா என்று பார்க்கப் போய்விட்டாள். அது கொதித்து வெகு நேரம் ஆகியிருந்தது.

முப்பத்தோரு வருடம் திருவாரூர் பக்கம் நில அளவையில் வேலை பார்த்தவன் நான். யாரைப் பார்த்தாலும் இவர் எந்த வேலியை எத்தனை அடி நகர்த்தியிருப்பார் என்றுதான் முதலில் யோசனை போகும். ஓய்வு பெற்று ஆறு வருடமாகியும் அது போகவில்லை. அன்று மாலை கூடத்தில் உட்கார்ந்து லெட்சுமி கொடுத்த மைலோவைக் குடித்தபடி, இந்த வீட்டில் எதையோ நகர்த்தி வைத்திருக்கிறார்கள் என்று முடிவு கட்டினேன்.

என் அப்பா மருதமுத்து லாபு பக்கத்து ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டியவர். ஜப்பான்காரன் போனபின் தோட்டங்களில் தொழிற்சங்கங்கள் கிளம்பின. அப்பாவும் சேர்ந்தார். பிறகு வெள்ளைக்கார அரசு அவசரகாலச் சட்டம் போட்டது. காட்டுக்குள் நடந்த கம்யூனிஸ்டு சண்டையைப் பற்றிப் புத்தகம் புத்தகமாக எழுதியிருக்கிறார்கள். அதே காலத்தில் விசாரணை இல்லாமல் அடைக்கப்பட்டு, கப்பலேற்றி நாகப்பட்டினத்திலும் சென்னையிலும் இறக்கிவிடப்பட்ட தோட்டத்துத் தமிழர்களைப் பற்றி அவ்வளவாக யாரும் எழுதவில்லை. அப்பா அப்படி வந்தவர். எங்கள் ஊரில் அவருக்குச் 'சங்கத்துக்காரர்' என்று பெயர். அரிசி ஆலையில் வேலை பார்த்து, தாமதமாகக் கல்யாணம் செய்து, எங்களை வளர்த்துவிட்டுப் போய்ச் சேர்ந்தார். மலேயாவைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. பேசாததையே நாங்கள் தியாகமாக எடுத்துக்கொண்டோம்.

மறுநாள் காலை "பசியாறிட்டீங்களா?" என்று செல்வம் கேட்டான். காலை உணவுக்கு இங்கே அதுதான் வார்த்தை. நம் ஊரில் டிபன் சாப்பிடுகிறோம்; இவர்கள் பசியாறுகிறார்கள். எனக்கு அந்தச் சொல் பிடித்துப் போனது. தட்டில் நாசி லெமாக். தேங்காய்ப்பாலில் வெந்த சோறு, நெத்திலிக் கருவாடு, கொஞ்சம் இனிப்பாய் ஒரு மிளகாய்ச் சம்பல். காலையிலேயே சோறா என்று தயங்கியவன் இரண்டு முறை வாங்கிச் சாப்பிட்டேன். சாப்பிட்டுக்கொண்டே, லாபு பக்கத்துத் தோட்டத்துக்கு ஒரு நடை போய் வரலாமா என்று கேட்டேன்.

கார் பழுது என்றான் செல்வம். முந்தின நாள் நூறு கிலோமீட்டர் வேகத்தில் வந்த கார். லெட்சுமி, அங்கே ஒன்றுமில்லை, எல்லாம் எண்ணெய் எடுக்கும் செம்பனை ஆகிவிட்டது என்றாள். காட்டுப்பன்றி வரும் என்று சேர்த்துக்கொண்டாள். மணப்பெண் திவ்யா கைப்பேசியிலிருந்து தலையைத் தூக்கி, வேறு எங்கேயாவது போலாமே தாத்தா, மால் இருக்கு என்றாள். மூன்று பேரும் மூன்று காரணம் சொன்னார்கள். ஒரே காரணம் சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன்.

பழைய நிலம் ஏதாவது இருந்து, நான் பங்கு கேட்டு வந்திருக்கிறேன் என்று பயப்படுகிறார்களோ? அப்படித்தான் ஓடியது என் புத்தி.

மதியம் எல்லோரும் துணி எடுக்கப் போனார்கள். தலைவலி என்று சொல்லி நான் தங்கிவிட்டேன். அவர்கள் போனதும் பக்கத்து வீட்டுக்காரரிடம் வழி கேட்டு, பஸ் பிடித்துச் சிரம்பான் ரயில் நிலையம் போய், வந்து நின்ற முதல் பெட்டியில் ஏறி உட்கார்ந்தேன். பெட்டி நன்றாகக் குளிர்ந்தது. எதிரில் எல்லோரும் என்னையே பார்த்தார்கள். முக்காடு போட்ட ஒரு மலாய்ப் பெண் எழுந்து வந்து, கண்ணாடியில் ஒட்டியிருந்த இளஞ்சிவப்புத் தாளைக் காட்டினார். பெண்களுக்கான பெட்டி. கைகூப்பி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு அடுத்த பெட்டிக்கு நகர்ந்தேன். அங்கே இடம் தேடி, கூச்சம் அடங்கி நிமிர்ந்தபோது லாபு போய்விட்டிருந்தது. நீலாயில் இறங்கினேன்.

அங்கே ஒரு சீன டாக்சிக்காரர். தோட்டத்தின் பெயரைச் சொன்னதும் என்னை மேலும் கீழும் பார்த்தார். அங்கே ஆளே இல்லை, எதற்கு என்று கேட்டார். கோயில் என்றேன். எந்தக் கோயில் என்றார். மாரியம்மன் என்று குத்துமதிப்பாகச் சொன்னேன். தமிழன் தோட்டம் போட்ட இடத்தில் மாரியம்மன் இல்லாமலா இருப்பாள்? வழி நெடுக அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தபடியேதான் ஓட்டினார்.

தோட்டத்து வாசலில் நேபாளிக் காவலர் ஒருவர் என் கடவுச்சீட்டை வாங்கிப் படம் எடுத்துக்கொண்டார். கோயில் வரை மட்டும், அதைத் தாண்டக் கூடாது என்று கை காட்டினார். சாலைக்கு இங்கே சடக்கு என்று பெயர்; அதன் இரண்டு பக்கமும் செம்பனை. நம் பனைமரம் நெடுநெடுவென்று உயர்ந்து தலைக்கு மேல் வானத்தைக் காட்டும். இது குட்டையாய் அடர்ந்து உள்ளே இருட்டிக் கிடக்கிறது. பத்தடிக்கு அப்பால் யார் நின்றாலும் தெரியாது. இரண்டு முறை திரும்பிப் பார்த்தேன்.

கோயில் இருந்தது. மாரியம்மனேதான். வாசலில் ஒரு வயதான அம்மாள் விளக்குத் திரியைத் திரித்துக்கொண்டிருந்தார். எண்பதுக்கு மேல் இருக்கும். பெயர் அம்மாக்கண்ணு என்றார். தோட்டத்தை மூடியபோது சடக்குக்கு அந்தப் பக்கம் தாமான் என்கிற குடியிருப்பில் வீடு கொடுத்தார்களாம். வெள்ளிக்கிழமைதோறும் விளக்கேற்ற நடந்து வருகிறாராம். கூலிகளின் வரிசை வீடுகளான லயங்கள் இருந்த இடத்தைக் கை நீட்டிக் காட்டினார். எனக்குத் தண்ணீர் கொடுத்தார். ராசாவில் ஒரு கல்யாணத்துக்காக இந்தியாவிலிருந்து வந்திருக்கிறேன் என்றதும் முகம் மலர்ந்தது. யார் வீட்டு ஆள் என்று கேட்டார்.

தம்பின் என்று சொல்லியிருக்க வேண்டும். கோயில் வாசலில் நின்று பொய் வரவில்லை. மருதமுத்து மகன் என்றேன்.

அவர் கையிலிருந்த திரியைத் தட்டில் வைத்தார். பையை எடுத்தார். செருப்பைத் தேடிப் போட்டுக்கொண்டார்.

"அந்தப் பேர இங்க சொல்லாதீங்க தம்பி" என்றார். விளக்கை ஏற்றாமலே நடந்து போய்விட்டார்.

வீடு திரும்பியதும் நான் எங்கும் போகாததுபோல் இருந்தேன். அவர்களும் எதுவும் கேட்கவில்லை. ஆளுக்கொரு பொய்யுடன் உட்கார்ந்து மீ கோரெங் நூடுல்ஸ் சாப்பிட்டோம்.

மூன்றாம் நாள் மதியம் மாப்பிள்ளையின் அப்பா சேகரன் சாப்பிட வந்தார். அறுபதைத் தொடும் வயது, கலகலப்பான மனிதர், தொழிற்சாலையில் மேற்பார்வையாளர். நீலாய் பக்கம் தாமானில் குடியிருக்கிறார்கள் என்று மட்டும்தான் எனக்குச் சொல்லியிருந்தார்கள். மீன்குழம்பைப் பிசைந்தபடி அவரே பேச்சைத் தொடங்கினார். தங்கள் குடும்பம் லாபு பக்கத்துத் தோட்டம் என்றார். தாத்தா அங்கே மண்டோர், கூலிகளை மேய்க்கிறவர். நான் நிமிர்ந்தேன். செல்வத்தின் கை சோற்றில் அப்படியே நின்றது.

பழைய கதை ஏதாவது சொல்லுங்களேன் என்றேன்.

சேகரன் சந்தோஷமாகச் சொன்னார். அவசரகாலத்தில் ஒருநாள் காலை ராணுவம் வந்து தோட்டத்து ஆண்களையெல்லாம் பெரட்டுக் களத்தில், அதாவது காலையில் பெயர் கூப்பிடும் திடலில், வரிசையாக நிறுத்தியதாம். ஜீப்பில் ஓர் ஆள். தலையிலிருந்து இடுப்பு வரை சாக்கு, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராய் அவன் முன்னால் நடக்க வேண்டும். அவன் தலையை ஆட்டினால் அந்த ஆளைப் பிடித்துக்கொண்டு போவார்கள். அன்று நான்கு பேர் போனார்கள். இரண்டு பேர் திரும்பவேயில்லை.

"அந்தச் சாக்குக்காரன் யாருன்னு ஊருக்கே தெரியும்லா. மருதமுத்துன்னு ஒருத்தன். ரெண்டு நாளைக்கு முன்னாடிதான் அவன புடிச்சிட்டுப் போனாங்க. வாயத் தொறந்துட்டான். வேல முடிஞ்சதும் வெள்ளக்காரன் பத்திரமா கப்பலேத்தி ஊருக்கு அனுப்பிட்டான்."

சொல்லிவிட்டு ஊறுகாய் கேட்டார். லெட்சுமி கொண்டுவந்து வைத்தாள். அவள் கண் என்னைக் கெஞ்சியது. நான் இலையைப் பார்த்தபடி சாப்பிட்டு முடித்தேன். என்ன சாப்பிட்டேன் என்று இப்போதும் சொல்ல முடியாது.

அவர் போனபின் செல்வம் எல்லாவற்றையும் சொன்னான். என் அப்பாவைக் கப்பலேற்றிய பிறகு பெரியப்பாவால் அந்தத் தோட்டத்தில் இருக்க முடியவில்லை. கிணற்றடியில் பேச்சுக் கொடுக்க மாட்டார்கள். கதவில் சாக்கைத் தொங்கவிட்டுப் போவார்கள். குடும்பத்தோடு ராசாவுக்கு வந்து, தம்பின் என்று சொல்லிப் பிழைத்துக்கொண்டார். இப்போது திவ்யா வேலை பார்க்கும் இடத்தில் ஒரு பையனை விரும்பியிருக்கிறாள். அவன் லாபு மண்டோர் குடும்பம் என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது. அந்தக் கதையை அதிகம் சொல்லித் திரிகிறவர்களே அந்தக் குடும்பம்தான்.

"நீங்க வர மாட்டீங்கன்னு நெனச்சிதான் அழைச்சேன் சித்தப்பா. ரத்த சொந்தம், அழைக்காம இருக்க மனசு வரல" என்றான்.

அப்பா அப்படிச் செய்திருப்பாரா என்று அவனிடம் கேட்டேன். அது உங்களுக்குத்தானே தெரியும் சித்தப்பா என்றான். அப்பாவின் மௌனத்தை அறுபது வருடமாக ஒரு பக்கத்திலிருந்தே பார்த்திருந்தேன். இப்போது மறுபக்கத்திலிருந்தும் அது சரியாகப் பொருந்தியது. அடித்திருப்பார்களோ, பயந்திருப்பாரோ, ஆலையில் யாரோடும் சேராமல் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டதெல்லாம் அதனால்தானோ என்று ஒவ்வொன்றாகச் சந்தேகம் எழுந்தது. இதற்கு நடுவே இன்னொன்றையும் செல்வத்திடம் சொல்ல வேண்டியிருந்தது. கோயிலில் அம்மாக்கண்ணு என்ற அம்மாளிடம் உண்மைப் பெயரைச் சொல்லிவிட்டேன் என்று. செல்வம் தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டான். அவர் மண்டோரின் மகள். சேகரனுக்கு அத்தை.

கல்யாணத்துக்கு முதல் நாள் காலை வாசலில் ஒரு கார் வந்து நின்றது. அம்மாக்கண்ணு இறங்கினார். பந்தல் கட்டிக்கொண்டிருந்தவர்கள் ஒதுங்கி வழிவிட்டார்கள். லெட்சுமி அடுப்படியில் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கல்யாணம் நின்றது என்றே எல்லோரும் நினைத்தோம். அவர் உள்ளே வரவில்லை. கார் நிறுத்தும் முகப்பில் நாற்காலி போடச் சொல்லி, என்னை மட்டும் கூப்பிட்டார்.

அவருக்கு அப்போது எட்டு வயதாம். பெரட்டுக் களத்தில் வேடிக்கை பார்க்க வந்து ஜீப்புக்குப் பக்கத்தில், தரையில் உட்கார்ந்திருந்தாராம். அவர் அப்பா மண்டோர், காய்ச்சல் என்று சிரம்பான் ஆஸ்பத்திரிக்குப் போயிருந்ததாக வீட்டில் சொல்லியிருந்தார்களாம்.

"சாக்குக்குக் கீழ காலு தெரிஞ்சிச்சி. எங்கப்பா காலு எனக்குத் தெரியாதா? அப்பான்னு கூப்பிடல. நிமுந்து மூஞ்சியப் பாத்தேன். அவரும் ஓட்ட வழியா என்னப் பாத்துட்டாரு. பாத்ததும் தலையக் குனிஞ்சிக்கிட்டாரு."

முந்தானை நுனியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"அந்த நேரத்துல முன்னால நின்னவரு சின்னையான்னு ஒருத்தரு. பாவம், சங்கமும் தெரியாது ஒண்ணும் தெரியாது. அத தலைய ஆட்டுனதா நெனச்சி அவர இழுத்துட்டுப் போயிட்டாங்க. வரவே இல்ல. நான் அங்க உக்காராம இருந்திருந்தா அவரு வீட்டுக்குப் போயிருப்பாரு."

ஆறுதலுக்காக ஏதோ சொல்கிறார், நாளைக் கல்யாணம் கெடாமல் இருக்க என்னைச் சமாதானப்படுத்த வந்திருக்கிறார் என்றுதான் அதுவரை சந்தேகப்பட்டுக்கொண்டிருந்தேன். சின்னையாவின் பெயரைச் சொன்னபோது அவர் கை முந்தானையை முறுக்கிய விதத்தைப் பார்த்தபின் அந்தச் சந்தேகம் போய்விட்டது. யாரும் தன் மேல் இப்படி ஒரு கதையைக் கட்டிக்கொள்ள மாட்டார்கள்.

என் அப்பாதான் என்று முதலில் சொன்னது யார் என்று கேட்டேன். தெரியாது என்றார். யாரோ சொன்னார்கள். மண்டோர் அதை மறுக்கவில்லை. பிறகு அம்மாக்கண்ணுவும் உண்மையைச் சொல்லவில்லை. அண்ணன் பிள்ளைகள் வளர்ந்து அதையே கதையாகச் சொன்னபோதும் வாயைத் திறக்கவில்லை.

"நாளைக்கி மண்டபத்துல எல்லாரும் இருப்பாங்க. நீங்க எழுந்து சொன்னா நான் இல்லன்னு சொல்ல மாட்டேன் தம்பி" என்றார். எழுந்து காருக்குப் போனார். அவரைப் பிடித்து ஏற்றிவிட்டேன். கை லேசாக இருந்தது.

அம்மாள் என்ன சொன்னார் என்று செல்வம் ஓடிவந்து கேட்டான். நாளைக்கு நேரத்தோடு வந்துவிடுவாராம் என்றேன்.

மறுநாள் கோயில் மண்டபத்தில் முந்நூறு பேர் இருந்திருப்பார்கள். தாலி கட்டி முடிந்ததும் இங்கே ஒலிவாங்கி கைமாறத் தொடங்குகிறது. மாமா பேசுகிறார், நண்பன் பேசுகிறான், மலாய்க்கார மேலாளர் ஒருவர் "வணக்கம்" என்று தமிழில் தொடங்கிக் கைதட்டு வாங்குகிறார். நம் ஊரில் அந்நேரம் பாதிப் பேர் பந்திக்கு ஓடியிருப்பார்கள். இங்கே பொறுமையாகக் கேட்கிறார்கள். தாயகத்திலிருந்து வந்திருக்கும் பெரியவர் இரண்டு வார்த்தை பேச வேண்டும் என்று சேகரன் என் கையில் அதைத் திணித்தார்.

லாபு பக்கத்து ஆட்கள் இடதுபக்க வரிசைகளில் இருந்தார்கள். முன் நாற்காலியில் அம்மாக்கண்ணு, இரண்டு கைகளையும் மடியில் வைத்து என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தைத் திருப்பவில்லை. மேடையில் திவ்யா மாலையைச் சரிசெய்தபடி சிரித்தாள். சொல்லத்தான் வந்தேன். முந்தின நாள் முழுக்க வாக்கியங்களை அடுக்கி வைத்திருந்தேன். என் அப்பா பெயர் மருதமுத்து என்று ஆரம்பிக்க வேண்டியதுதான். பையனைப் பார்த்தேன். அவன் அந்த மண்டோரின் கொள்ளுப்பேரன் என்பது அவன் செய்த காரியமா?

மணமக்கள் நன்றாக இருக்க வேண்டும் என்றேன். இருவரும் ஒருவருக்கொருவர் எதையும் மறைக்காமல் வாழ வேண்டும் என்று சொல்ல வாயெடுத்து, விழுங்கிவிட்டு இறங்கினேன். கைதட்டினார்கள். அம்மாக்கண்ணு தட்டவில்லை. கண்ணைத் துடைக்கவும் இல்லை. ஒரு தடவை மூச்சை இழுத்து விட்டார். அவ்வளவுதான்.

விமான நிலையத்துக்குப் போகும் வழியில் செல்வத்திடம் சொன்னேன். அவன் வீட்டுக் கதவில் சாக்குத் தொங்கியிருக்கிறது. அவனுக்குத் தெரியத்தான் வேண்டும். முழுதும் கேட்டு முடிக்கும் முன்பே காரை நெடுஞ்சாலை ஓரத்தில் நிறுத்திவிட்டான். லாரிகள் காரை உலுக்கிக்கொண்டு கடந்து போயின.

"அப்ப நம்ம ஆளு இல்ல" என்றான்.

இல்லை என்றேன்.

"நம்ம ஆளு இல்ல" என்று மறுபடியும் சொன்னான். முகத்தை இரண்டு கைகளாலும் மூடிக்கொண்டான். அவன் தாத்தா, அப்பா, அவன் என்று மூன்று தலைமுறையும் சொல்லிவந்த பொய்யின் பாரம் இறங்குவதற்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அவனாகத் தேறட்டும் என்று வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன். பிறகு அவன் வண்டியைக் கிளப்பினான். ஐந்து நிமிடம் கழித்து, சாலையைப் பார்த்தபடியே சொன்னான்.

"யார்கிட்டயும் சொல்லிடாதீங்க சித்தப்பா. புள்ள அந்த வீட்லதான் வாழப்போவுது."

சரி என்றேன். அதனால்தான் இங்கே தோட்டத்தின் பெயரை எழுதாமல் லாபு பக்கம் என்று மட்டும் சொல்லி, ஆட்களின் பெயர்களை மாற்றியிருக்கிறேன். என் அப்பா பெயரும் மருதமுத்து இல்லை.

திருச்சியில் என்னை அழைத்துப் போக அக்கா வந்திருந்தாள். எழுபதைத் தொட்டவள், முழங்கால் வலிக்காரி, வேண்டாமென்றாலும் கேட்காமல் மூன்று மணி நேரம் காரில் வந்திருந்தாள். பெட்டியை வைத்து, ஏறி உட்கார்ந்து, கார் நகர்ந்ததும் கேட்டாள். அங்கே அப்பாவை யாருக்காவது நினைவிருக்கிறதா?

எல்லோருக்கும் நினைவிருக்கிறது என்றேன். பெயர் சொன்னதுமே தெரிந்துகொண்டார்கள் என்றேன்.

அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். இன்னொரு முறை சொல்லச் சொன்னாள். சொன்னேன்.